நரி கெட்டதா, கெட்டிக்காரத்தனமானதா? கதை மாந்தரின் குணத்தைக் குழந்தைக்குப் புரியவைப்பது எப்படி?

பாட்டி வடை சுட்ட கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் ஐந்து வயதுக் குழந்தையிடம், "காக்கா எப்படிப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "கறுப்பா இருக்கும்" என்று பதில் வரலாம். "சரி, நரி?" என்றால், "அது கெட்டது." ஏன் கெட்டது? "வடையைத் தூக்கிட்டுப் போயிடுச்சுல்ல!"

சரி, காக்கா மட்டும் அந்த வடையைக் காசு கொடுத்தா வாங்கியது? பாட்டிக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்ததுதானே? இதைக் கேட்டதும் குழந்தை கொஞ்சம் நிற்கும், யோசிக்கும். "ஆமால்ல..." என்று இழுக்கும்.

அந்த 'ஆமால்ல'தான் இந்தக் கட்டுரையின் விஷயம். கதையில் வருகிற ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வது, ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று காரணம் காட்டுவது இரண்டுமே பழகிப் பழகி வருகிற திறமைகள். அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் 2010-ம் ஆண்டின் பாடத்தர வரையறை இதை மூன்றாம் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. கதை மாந்தரின் குணம், நோக்கம், உணர்ச்சி ஆகியவற்றை விவரிக்க வேண்டும். அவர்களின் செயல் கதையை எப்படி நகர்த்துகிறது என்றும் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் பாத்திரப் படைப்பை விளக்கச் சொல்லும் கேள்விகள் உண்டு. ஆனால் பல பிள்ளைகளுக்கு அது மனப்பாடக் கேள்வியாகவே போய்விடுகிறது.

மதிப்பெண்ணை விடுங்கள். கதையில் வரும் நரிக்கு என்ன பெயர் வைக்கிறோமோ, அதே பழக்கத்தில்தான் பக்கத்து பெஞ்ச் பையனுக்கும் பெயர் வைக்கிறோம். கடைசியில் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் பெயரும் அப்படித்தான் வருகிறது. அதனால் இது தமிழ்ப் பாடத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை.

குணம் என்றால் என்ன?

குழந்தைகள் மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தோற்றம், உணர்ச்சி, குணம். பெரியவர்களே சில நேரம் குழம்புகிறோம் என்பதால், முதலில் இதைப் பிரித்துவிடலாம்.

தோற்றம் என்பது கண்ணால் பார்ப்பது. கறுப்பு, குண்டு, நீளமான மூக்கு, பட்டுச் சட்டை.

உணர்ச்சி என்பது வந்து போவது. காக்காவைப் புகழ்ந்ததும் அதற்குச் சந்தோஷம், வடை விழுந்ததும் வருத்தம். பத்து நிமிடத்தில் இரண்டும் மாறிவிட்டன.

குணம் என்பது ஒருவர் திரும்பத் திரும்ப நடந்துகொள்ளும் விதத்திலிருந்து நாம் ஊகிப்பது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. 'பொறுமை' என்று யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. அவர் செய்ததை, சொன்னதை வைத்து நாம்தான் முடிவு பண்ண வேண்டும்.

தமிழில் உணர்ச்சிகளைப் பட்டியல் போடும் பழக்கம் ரொம்பப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு வகையைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவை மனதில் எழுந்து உடம்பில் வெளிப்படுபவை. இதில் 'வெகுளி'யை மட்டும் கவனியுங்கள். அங்கே அதற்குக் கோபம் என்று பொருள். இன்று "அவ ஒரு வெகுளி" என்றால் சூதுவாது தெரியாதவள் என்று அர்த்தம். ஓர் உணர்ச்சியின் பெயர் காலப்போக்கில் ஒரு குணத்தின் பெயராகிவிட்டது.

குழந்தைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: "இது இப்போ மட்டும் இருக்கா, எப்பவும் இப்படித்தானா?" இப்போ மட்டும் என்றால் உணர்ச்சி. அடிக்கடி இப்படித்தான் என்றால் குணம்.

எந்த வயதில் புரியும்?

இங்கிலாந்தின் லைவ்ஸ்லி, ப்ரோம்லி என்ற இரண்டு உளவியலாளர்கள், 7 முதல் 15 வயது வரை உள்ள 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் தங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றி விவரிக்கச் சொன்னார்கள். 1973-ல் அது புத்தகமாக வந்தது. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றம், வீடு, வைத்திருக்கும் பொருட்கள் என்றே பேசினார்கள். எட்டு வயதுவாக்கில் பேச்சு மாறத் தொடங்கியது. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் வார்த்தைகள் கூடின.

அதனால் ஐந்து வயதுக் குழந்தை "கறுப்பா இருக்கும்" என்று சொன்னால் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு வயதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் அர்த்தமில்லை. தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

3 முதல் 5 வயது: உணர்ச்சியோடு ஆரம்பியுங்கள். "வடை கீழே விழுந்ததும் காக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?" முகத்தை அப்படி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த வயதுக்கு இது போதும்.

6 முதல் 8 வயது: செயலிலிருந்து குணத்துக்கு. "அது என்ன செஞ்சுது? அப்படிச் செய்யறவங்களை என்னன்னு சொல்வோம்?"

9 வயதுக்கு மேல்: முரண்பாடுகள். ஒரே ஆளிடம் இரண்டு குணம், மாறும் குணம், சூழ்நிலையால் வந்த செயல்.

'நல்லவன், கெட்டவன்' போதாதா?

தொடங்குவதற்குப் போதும், நிறுத்துவதற்குப் போதாது. 'கெட்டவன்' என்பது நாம் சொல்லும் தீர்ப்பு. அவன் என்ன செய்தான், எப்படிப்பட்டவன் என்ற தகவல் அதற்குள் இல்லை. பேராசைப்படுபவனும் கெட்டவன், பொறாமைப்படுபவனும் கெட்டவன், கோபத்தில் கையை ஓங்குபவனும் கெட்டவன். மூன்று பேரும் ஒன்றா?

நரியிடமே திரும்பிப் போவோம். அது காக்காவைப் புகழ்ந்து பாடச் சொன்னது. வடை விழுந்தது. இந்த ஒரே செயலை வைத்து நரியை 'புத்திசாலி' என்று சொல்லலாம், 'தந்திரக்காரன்' என்று சொல்லலாம், 'ஏமாற்றுக்காரன்' என்றும் சொல்லலாம். முதல் வார்த்தையில் பாராட்டு இருக்கிறது, மூன்றாவதில் கண்டனம். நடுவில் இருப்பது சொல்கிற தொனியைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். செயல் ஒன்றுதான். எந்த வார்த்தையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் நம் கருத்தும் ஒட்டிக்கொள்கிறது.

பெரியவர்களான நமக்கு இது ஆபிஸில் நன்றாகவே தெரியும். மீட்டிங்கில் ஒருவர் எதிர்க்கேள்வி கேட்டால் 'தைரியமானவர்'. இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டால் 'திமிர்'. அப்ரைசலில் 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்று ஒற்றை வரி வந்தால் நாம் என்ன கேட்போம்? "எந்த நாள்? நான் என்ன செஞ்சேன்? ஒருமுறையா, பலமுறையா?" இதே கேள்விகளை நரிக்காகவும் காக்காவுக்காகவும் கேட்கக் குழந்தைக்குப் பழக்குவதுதான் இங்கே பாடம்.

மூன்று கேள்விகள், ஒரு சோதனை

இதற்குத் தனியாக ஆக்டிவிட்டி புக் எதுவும் வாங்க வேண்டாம். எந்தக் கதைக்கும் பொருந்தும் மூன்று கேள்விகள் இவை:

ஒன்று, என்ன செய்தார், என்ன சொன்னார்? (இதுதான் ஆதாரம்.)

இரண்டு, ஏன் அப்படிச் செய்தார்? (இது நோக்கம்.)

மூன்று, அப்படியானால் அவர் எப்படிப்பட்டவர்? (இது குணம்.)

கூடவே ஒரு சோதனை: "அப்போ அடுத்த தடவை என்ன செய்வார்?" குணத்தைச் சரியாகப் பிடித்திருந்தால் குழந்தையால் இதை ஊகிக்க முடியும். ஊகம் கதையோடு பொருந்தாவிட்டால், தேர்ந்தெடுத்த வார்த்தையை மாற்றிப் பார்க்கலாம்.

ஆசிரியர்கள் பயன்படுத்தும் ஒரு வழியும் உண்டு. கதை மாந்தரை ஐந்து பக்கத்திலிருந்து பார்ப்பது: அவர் பேசுவது, நினைப்பது, செய்வது, மற்றவர்கள் அவரிடம் நடந்துகொள்வது, அவரது தோற்றம். இதில் நான்காவது சுவாரசியமானது. ஒருவர் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்களா, ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்களா? கதாசிரியர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலேயே அவரைப் பற்றி நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைப் பஞ்சதந்திரக் கதை ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வீட்டில் குழந்தையோடு கீரிப்பிள்ளையும் வளர்கிறது. அம்மா வெளியே போயிருக்கும்போது தொட்டில் பக்கம் பாம்பு வருகிறது. கீரி அதைக் கொன்றுவிட்டு, வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிறது. ரத்தத்தைப் பார்த்த அம்மா, குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று நினைத்துக் கீரியைக் கொன்றுவிடுகிறாள். உள்ளே போனால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஏழு வயது மகளோடு அப்பா ஒருவர் இதைப் பேசினால் இப்படிப் போகலாம்:

"அந்த அம்மா எப்படிப்பட்டவங்க கண்ணு?"

"கெட்டவங்க. கீரியைக் கொன்னுட்டாங்க."

"ஏன் கொன்னாங்க?"

"பாப்பாவைக் கடிச்சிருச்சுன்னு நினைச்சு."

"அப்போ பாப்பா மேல அவங்களுக்கு...?"

"ரொம்பப் பாசம். பயந்துட்டாங்க."

"பாசமா இருக்கிறவங்க கெட்டவங்களாப்பா?"

"இல்ல... ஆனா உள்ள போய்ப் பாத்திருக்கலாம்ல. பாக்காமலே அடிச்சுட்டாங்க."

"அப்படிப் பாக்காம, யோசிக்காம செய்யறவங்களை என்னன்னு சொல்லலாம்?"

"...அவசரப்படறவங்க?"

'கெட்டவங்க' என்று ஆரம்பித்த குழந்தை, நான்கைந்து கேள்வியில் 'அவசரப்படுகிறவங்க' என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். அப்பா ஒருமுறைகூட "தப்பு" என்று சொல்லவில்லை. பதிலையும் அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. பயம் என்ற உணர்ச்சியும், அவசரம் என்ற குணமும் இந்தப் பேச்சில் தானாகவே பிரிந்துவிட்டன.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், "ஒரே ஒரு தடவை அவசரப்பட்டதுக்கே அவங்களை அவசரக்காரின்னு சொல்லிடலாமா?" என்று கேளுங்கள். இதற்குச் சரியான ஒற்றை விடை கிடையாது. கதையில் நமக்குத் தெரிந்தது ஒரு நாள் மட்டும்தான்.

வார்த்தைக்கு எங்கே போவது?

குழந்தைக்கு விஷயம் புரிந்திருக்கும், சொல்ல வார்த்தை இருக்காது. "அது... அந்த மாதிரி..." என்று கையை ஆட்டும். 'நைஸ்', 'பேட்', 'நாட்டி' என்ற மூன்று ஆங்கில வார்த்தைகளிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு.

இத்தனைக்கும் குணத்தைச் சொல்லும் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. பாடப்புத்தகத்தில் கிடைப்பவை: இரக்கம், நேர்மை, துணிச்சல், விடாமுயற்சி, பொறாமை, பேராசை, ஆணவம், தன்னலம். வீட்டுப் பேச்சில் கிடைப்பவை அதைவிட ருசியானவை: சூட்டிகை, துடுக்கு, பிடிவாதம், முன்கோபி, அழுத்தக்காரி, வாயாடி, கறார், சங்கோஜி, அல்பம், தாராள மனசு. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும்.

'நல்லவன்' என்ற வார்த்தைக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்துப் பாருங்கள். அதைச் சொல்லக் கூடாது, வேறு வார்த்தைதான் சொல்ல வேண்டும் என்று விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். கண்டுபிடிக்கும் புது வார்த்தையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டலாம்.

அடுத்தது, ஒரு வார்த்தையின் அளவைப் பார்க்கும் விளையாட்டு. சிக்கனமானவன், கறாரானவன், கஞ்சன், கருமி. நான்கு பேரும் காசை எண்ணித்தான் செலவழிக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பாராட்டு திட்டாக மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். வீட்டில் இதைப் பற்றிச் சண்டை வந்தால் நல்லதுதான்.

'பொய் சொன்னான்' வேறு, 'பொய்யன்' வேறு

இந்தப் பாடத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. குணத்துக்குப் பெயர் வைக்கக் கற்றுக்கொடுக்கும்போதே, மனிதர்மேல் முத்திரை குத்தவும் கற்றுக்கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

1999-ல் அமெரிக்க உளவியலாளர்கள் சூசன் கெல்மனும் கெயில் ஹேமனும் ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் ஓர் எளிய ஆய்வு நடத்தினார்கள். ஒரு சிறுமிக்குக் கேரட் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்ல இரண்டு வழிகள். சிலரிடம் "முடிந்தபோதெல்லாம் கேரட் சாப்பிடுவாள்" என்றார்கள். மற்றவர்களிடம் அவளை "கேரட்தின்னி" என்று சொல்வதுபோல ஒரு பெயராகவே சொன்னார்கள். பிறகு, அவள் பெரியவளானாலும் கேரட் சாப்பிடுவாளா, வீட்டில் வேண்டாம் என்றாலும் சாப்பிடுவாளா என்று கேட்டார்கள். பெயராகக் கேட்ட குழந்தைகள், அந்தப் பழக்கம் எளிதில் மாறாது, நிலையானது என்று அதிகமாக நம்பினார்கள். தகவல் கிட்டத்தட்ட ஒன்றுதான். சொன்ன விதம் மட்டும்தான் மாறியது.

தமிழில் இப்படிப் பெயர் வைப்பது இன்னும் சுலபம். வினையை எடுத்து வாலில் ஒரு 'அன்', ஒரு 'காரன்', ஒரு 'காரி' சேர்த்தால் போதும். பொய் சொன்னான், பொய்யன். திருடினான், திருடன். சண்டை போட்டாள், சண்டைக்காரி. ஒரு நாள் நடந்தது ஓர் ஆளின் அடையாளமாகிவிடுகிறது. 'சோம்பேறி', 'மக்கு' போன்ற வார்த்தைகள் வீட்டிலும் வகுப்பறையிலும் எவ்வளவு சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன என்று யோசித்துப் பாருங்கள். "நான் மேத்ஸ்ல மக்கு" என்று ஒரு குழந்தை சொல்லும்போது, ஒரு தேர்வில் நடந்ததை அது தன் குணமாக எடுத்துக்கொண்டுவிட்டது.

நல்ல பெயராக இருந்தால் பரவாயில்லையா? அதிலும் ஒரு சிக்கல். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், 'உதவி செய்' என்று கேட்டதைவிட 'உதவுபவராக இரு' என்று சொன்னபோது மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் அதிகம் உதவினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகு இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். உதவப் போய் அது சொதப்பிவிட்டால் என்ன ஆகும்? 'உதவுபவர்' என்ற பெயரைச் சுமந்த குழந்தைகள்தான் அதிகம் துவண்டுபோனார்கள். காரியம் சரியாக வராதபோது அந்தப் பெயரே கைவிட்டுப் போனதுபோல ஆகிவிடுகிறது.

அதனால் கதை பேசும்போது ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். "காக்கா ஒரு திருடன்" என்று முடிப்பதற்குப் பதிலாக, "காக்கா வடையைத் திருடுச்சு" என்று செயலில் நிறுத்துங்கள். குணம் சொல்ல வேண்டுமானால், கூடவே இடத்தையும் சொல்லுங்கள்: "யாராவது புகழ்ந்தா காக்கா சட்டுன்னு மயங்கிடுது." இதில் குணமும் இருக்கிறது, அது எப்போது வெளிப்படுகிறது என்பதும் இருக்கிறது. மாறுவதற்கு இடமும் இருக்கிறது.

கறுப்பு என்றால் கெட்டதா?

தோற்றத்தையும் குணத்தையும் பிரிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறுவர் புத்தகங்களின் படங்களைப் புரட்டிப் பாருங்கள். அரக்கன் கறுப்பு, பெரிய வயிறு, பெரிய பல். இளவரசி வெள்ளை. சூனியக்காரிக்கு வயதாகியிருக்கும், மூக்கு வளைந்திருக்கும். கதை ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே படம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

குழந்தையிடம் கேட்கலாம்: "படத்தை மூடிட்டு, அவர் செஞ்சதை மட்டும் வெச்சுச் சொல்லு. இப்பவும் அவர் கெட்டவரா?"

பெண் பாத்திரங்களிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராஜாவுக்கு 'வீரமான, நீதி தவறாத'. ராணிக்கு 'அழகான'. அழகு குணம் இல்லையே! அவள் கதையில் என்ன செய்தாள்? ஒன்றுமே செய்யவில்லை என்றால், அதுவும் பேச வேண்டிய விஷயம்தான். 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஐந்து வயதில் தங்கள் பாலினத்தவரை 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' என்று சொல்வதில் பெண் குழந்தைகளுக்கும் ஆண் குழந்தைகளுக்கும் வித்தியாசம் இல்லை. ஆறு வயதிலேயே பெண் குழந்தைகள் அப்படிச் சொல்வது குறைந்துவிட்டது. எந்தக் குணம் யாருக்கு உரியது என்பதைக் குழந்தைகள் இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

குணம் மாறுமா?

காக்கா கதைக்கு ஒரு புது முடிவு உண்டு, கேட்டிருப்பீர்கள். நரி பாடச் சொன்னதும் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு "கா கா" என்று பாடிவிடும். இரண்டு முடிவையும் சொல்லிவிட்டு, "முதல் காக்கா எப்படி? இரண்டாவது எப்படி?" என்று கேளுங்கள். பிறகு, "ரெண்டும் ஒரே காக்காதான்னு வெச்சுக்கோ, முதல் நாள் ஏமாந்துச்சு, அடுத்த நாள் இப்படிச் செஞ்சுது. நடுவுல என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். 'பட்டுக் கத்துக்கிச்சு' என்று குழந்தை சொன்னால், மாற்றம் என்ற விஷயம் அதற்குப் பிடிபட்டுவிட்டது.

ஆங்கில எழுத்தாளர் ஈ.எம்.ஃபாஸ்டர் 1927-ல் வெளியான நாவல் பற்றிய நூலில் கதை மாந்தரை இரண்டாகப் பிரித்தார். ஒற்றைக் குணத்தோடு வருகிற தட்டையானவர்கள் ஒரு வகை. நம்பும்படியாகவே நம்மை ஆச்சரியப்படுத்தும் முழுமையானவர்கள் இன்னொரு வகை. விலங்குக் கதைகளில் முதல் வகை அதிகம். பிள்ளைகள் வளர வளர இரண்டாம் வகைக்கு வர வேண்டும்.

அதற்கு நம்மிடம் அருமையான ஆள் ஒருவர் இருக்கிறார். பேகன். மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான் என்பதும், கபிலர், பரணர் உள்ளிட்ட புலவர்கள் அவள்மீது இரக்கம் காட்டச் சொல்லி அவனிடம் பாடினார்கள் என்பதும் புறநானூற்றிலேயே இருக்கிறது. (இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல.) மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லை. அவனுக்கு எந்த வார்த்தை பொருந்தும்? பத்து வயதுப் பிள்ளையோடு இதைப் பேசிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

வீட்டுக்குள் ஒரு பட்டிமன்றம்

யோசித்துப் பார்த்தால், தமிழர்கள் பொழுதுபோக்காகவே செய்கிற வேலை இது. கர்ணனிடம் ஓங்கி நிற்பது கொடையா, நட்பா? கும்பகர்ணனா, வீடணனா? பட்டிமன்ற மேடைகளில் இப்படிப்பட்ட தலைப்புகளை எத்தனை முறை கேட்டிருப்போம்! ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும், கதையிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும், எதிரணியின் ஆதாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பண்டிகை நாள் காலையில் டிவியில் ஓடுவது இந்தப் பாடம்தான்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கும்பகர்ணனுக்கு அண்ணன் செய்தது தவறு என்று தெரியும், எடுத்தும் சொன்னான். ஆனாலும் அண்ணனுக்காகப் போரிட்டு இறந்தான். வீடணனுக்கும் அதே தவறு தெரியும், அவன் அண்ணனை விட்டு விலகினான். இருவரில் யார் விசுவாசமானவன்? யாருக்கு விசுவாசம்? அண்ணனுக்கா, நியாயத்துக்கா? கர்ணனை எடுத்தால், அவன் வள்ளல் என்பதற்கு ஆதாரம் ஏராளம். ஆனால் திரௌபதியை அவமானப்படுத்திய சபையில் அவன் எந்தப் பக்கம் நின்று பேசினான் என்று மகாபாரதம் சொல்வதையும் மேஜையில் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு விதி: ஆதாரம் இல்லாமல் குணம் சொல்லக் கூடாது. அரைமணி கழித்துக் கட்சி மாறிப் பேசச் சொன்னால் இன்னும் நல்லது.

எதைச் செய்யக் கூடாது?

கதையைப் பரீட்சையாக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்திக் கேள்வி கேட்டால், குழந்தை கதையையே வேண்டாம் என்று சொல்லிவிடும். முதல் முறை முழுசாகச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி.

நீதியை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். "இதிலிருந்து என்ன தெரியுது? புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது" என்று நாமே முடித்துவிட்டால், யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

கதையைத் திட்டுவதற்கான ஆயுதமாக்காதீர்கள். "நீயும் அந்தச் சோம்பேறி முயல் மாதிரிதான்" என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்தக் கதை அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பிடிக்காது.

உங்கள் பதிலோடு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "நரிக்குப் பசி, பாவம்" என்று குழந்தை சொன்னால், "அப்படியா, எதை வெச்சுச் சொல்றே?" என்று கேளுங்கள். ஆதாரம் இருந்தால் அது சரியான பதில்தான்.

கதை எங்கே கிடைக்கும்?

வாய்வழிக் கதைகள் போதாது என்றால், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். போன் போதும். சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் சிறுவர் புத்தகங்கள் வெளியிடுகிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருக்கின்றன.

ஆபிஸ் முடிந்து வந்து தினமும் கதை சொல்ல எல்லோராலும் முடியாது. வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம், ஒரு கதை, ஒரு கேள்வி. இதையே சினிமாவுக்கும் கார்ட்டூனுக்கும் பயன்படுத்தலாம். டோராவும் சோட்டா பீமும்கூடப் பேச வேண்டிய ஆட்கள்தான். பீமோடு போட்டி போடும் காலியா எப்போதும் வம்புக்காரனா, இல்லை சில நாள் மட்டுமா?

இப்படிப் பேசிப் பழகிய குழந்தை ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "என் கிளாஸ்ல ஒரு பையன் ரொம்பக் கெட்டவன்மா" என்று சொல்லலாம். அப்போது நமக்குக் கேட்கத் தெரியும்: "என்ன செஞ்சான்? ஏன் செஞ்சிருப்பான்? தினமும் அப்படியா, இன்னைக்கு மட்டுமா?"